இரண்டு சீட்டும் ஒரே பையில்

(பொன்விழா ஆண்டையொட்டி நம் பங்கில் நடந்த உடல்நலக் கூட்டத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரை)





பொன்விழா மலரில் கோவில் கட்டிய வரலாற்றை ஒருவர் எழுதுவார். கொடிமரம் வந்த கதையை ஒருவர் சொல்வார். எனக்குப் பங்குத்தந்தை கொடுத்த தலைப்பு இடுப்பு வலி. இதைச் சொன்னதும் சிலர் சிரிக்கிறீர்கள். ஆனால் சிரிக்கிறவர்களிலும் பாதிப்பேர் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நம் விருத்தாசலம் மண்ணை நம்பிய ஊர். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண் நம் ஊர் பீங்கான் தொழிலுக்குப் பெரிய துணை. அந்த மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுகிறோம். காய்ந்ததும் பிசிறு தட்டுகிறோம். பலகையில் அடுக்கிச் சூளைக்குச் சுமக்கிறோம். பெண்கள் தரையில் குந்தி, குனிந்த தலை நிமிராமல் பொம்மைக்குக் கண் எழுதுகிறார்கள், அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். ஒரு நாள் முழுதும் குனிந்தே இருக்கும் இடுப்பு, பத்து ஆண்டில் பேச ஆரம்பிக்கிறது. இருபது ஆண்டில் கத்த ஆரம்பிக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த துன்பமும் அல்ல. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியோடு வாழ்ந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

இடுப்பு வலியைப் பற்றி மட்டும் பேசுவதானால் நானும் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்வேன். நான் பேச வந்தது இடுப்பு வலியும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி. பல மாதம் வலித்தால் மனம் சோர்ந்து போகிறது. மனம் சோர்ந்தால் வலி இரட்டிப்பாகத் தெரிகிறது. ஆகவே இந்த இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஒரு சீட்டு எலும்பு டாக்டர் கொடுத்தது. இன்னொரு சீட்டு மனநல டாக்டர் கொடுத்தது. இரண்டு டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இரண்டு சீட்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்த அக்காவிடம் தெரிந்துகொண்டேன். அக்காவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டு தவக்காலம். அப்போது நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். அக்கா இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பொம்மைக்கு வண்ணம் அடித்து வந்தவர். அத்தான் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்தார்.

"தம்பி, இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடா. குந்தினா எழுந்திருக்க முடியல. ஏதாவது குடு."

"டாக்டரப் பாத்தியாக்கா?"

"அவரப் பாக்க ஒரு நாள் கூலி போயிடும். நீ இருக்கியே, நீயே குடு."

நான் கொடுத்தேன். டைக்ளோபினாக், பத்து மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்டது அக்கா. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாக்கா?" என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னும் பத்து. அதற்கடுத்த வாரமும் பத்து. இப்படி ஆறு வாரம்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அத்தான் போன பிறகு அக்கா தூங்கவில்லை, சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மகள் அவரை வெளியூருக்கு அழைத்துப்போய் மனநல டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். ராத்திரி ஒரு செர்ட்ராலின் மாத்திரை. எட்டு மாதமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதில் தேறியும் வந்திருக்கிறார். தம்பியாகிய என்னிடம்கூடச் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். மாத்திரையைச் சுருக்குப் பையில் வெற்றிலைக்குக் கீழே வைத்திருந்தார்.

தவக்காலத்தில் அக்கா ஒருசந்தி விடமாட்டார். வெறும் வயிற்றிலேயே வலி மாத்திரையைப் போட்டிருக்கிறார். நாலைந்து நாளாக மலம் தார்போலக் கறுப்பாகப் போயிருக்கிறது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில், முழந்தாளிட்டவர் எழுந்திருக்கவில்லை. களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தோம். வாயிலிருந்து காப்பித் தூள் கரைத்தாற்போல வாந்தி வந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று டாக்டர் கேட்டார். மகள் அழுதுகொண்டே சுருக்குப் பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். ஒரு பக்கம் நான் கொடுத்த அட்டை, ஒரு பக்கம் நான் அறியாத அட்டை. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வலி மாத்திரையை யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான் ஐயா" என்றேன். முப்பது ஆண்டு மருந்து விற்றவன், அன்று அந்த டாக்டர் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

அக்கா பிழைத்தார். இன்று பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அன்றைய தினம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆகவேதான் பேசச் சம்மதித்தேன்.

அன்பர்களே, அந்த இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கடினமாக இராது.

மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பல, செரோட்டோனின் என்ற பொருளின்மீது வேலை செய்கின்றன. செரோட்டோனின் என்றால் மூளைச் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். ஆனால் 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அதை முதலில் பிரித்தெடுத்தது மூளையிலிருந்து அல்ல, இரத்தத்திலிருந்து. நம் உடம்பிலுள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. இரத்தத்திலுள்ள தட்டணுக்களும் அதைச் சேமித்து வைக்கின்றன. காயம் பட்டால் தட்டணுக்கள் ஓடிவந்து அடைப்பதற்கு அதுவும் உதவி செய்கிறது. செர்ட்ராலின், ஃபுளூவாக்சிடின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் தட்டணுக்களுக்குள் செரோட்டோனின் நுழையும் வாசலையும் அடைக்கின்றன. அதனால் இரத்தம் உறைவது கொஞ்சம் தாமதப்படுகிறது.

இனி வலி மாத்திரை. ஆஸ்பிரின் வகை மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971இல் இங்கிலாந்தில் ஜான் வேன் என்பவர் கண்டுபிடித்தார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வலியைத் தூண்டும் ஒரு பொருள் உடம்பில் உற்பத்தியாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரித்துவிடாமல் காக்கிறது. வலியை நிறுத்தும்போது காவலையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம்.

ஆக, ஒரு மாத்திரை சுவரை அரிக்க விடுகிறது. இன்னொரு மாத்திரை அரித்த இடத்தைப் பூச விடாமல் தாமதம் செய்கிறது. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வு மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு மேல்வயிற்று இரத்தப்போக்கு ஆபத்து ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் என்றும், வலி மாத்திரையும் சேர்ந்தால் நாலு மடங்குக்கு மேல் என்றும் தெரிந்தது. சேர்த்துச் சாப்பிடும் எல்லாருக்கும் இரத்தம் போகும் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அறுபது வயது கடந்தவர்கள், முன்பே வயிற்றுப்புண் இருந்தவர்கள், இருதயத்துக்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், மது அருந்துபவர்கள், இவர்களுக்கு ஆபத்து நிச்சயமாக அதிகம்.

இப்போது எந்த மாத்திரையோடு எது சேரக் கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இப்யூபுரூபன், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகள். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் இவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கடையில் காம்பிஃப்ளாம் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதில் இப்யூபுரூபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கின்றன. கட்டாயம் தேவை என்று டாக்டர் கருதினால், மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாளுக்கு, வயிற்றைக் காக்கும் மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பார். அந்த வயிற்று மாத்திரையையும் நீங்களாக வாங்காதீர்கள். எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுபவர்கள் ஓமிப்ரசோல் எடுத்தால் மன மருந்தின் அளவு இரத்தத்தில் கூடிவிடும். டாக்டருக்கு இது தெரிந்தால் வேறு ஒன்றை எழுதுவார்.

இரண்டாவது, டிரமடால். கடுமையான வலிக்குக் கொடுப்பது. இதுவும் செரோட்டோனினைக் கூட்டும். மனச்சோர்வு மாத்திரையோடு சேரும்போது சிலருக்கு உடம்பு நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கைகால் வெட்டி இழுத்தல், மனக் குழப்பம் எல்லாம் வரும். வலிப்பும் வரலாம். இது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அவசரம். இந்த மருந்துக்கு மக்கள் அடிமையாவதைக் கண்டு 2018இல் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அண்டை வீட்டுக்காரர் மீதி வைத்த அட்டையிலிருந்து ஒன்று எடுத்துப் போடுகிற பழக்கம் இதில் மிகவும் ஆபத்து. இருமல் டானிக்குகள் சிலவற்றில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற மருந்தும் இதே வழியில் தொல்லை தரக்கூடும்.

மூன்றாவது, நம் ஊர் வழக்கில் "நரம்பு மாத்திரை" என்று சொல்கிறோமே, அது. தூக்கத்துக்குக் கொடுத்தாலும் நரம்பு மாத்திரை, கால் மரத்துப் போனால் கொடுப்பதும் நரம்பு மாத்திரை, மனச்சோர்வுக்குக் கொடுத்தாலும் வீட்டில் சொல்வது நரம்பு மாத்திரை. இந்த ஒரு பெயரில் பல மருந்துகள் ஒளிந்திருக்கின்றன. இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் வலிக்கு எழுதும் பிரிகாபாலின் அல்லது கபாபென்டின் மாத்திரைகள் சிலவற்றில் நார்ட்ரிப்டிலின் சேர்ந்திருக்கிறது. சிலவற்றில் டூலாக்சிடின் சேர்ந்திருக்கிறது. அமிட்ரிப்டிலினைத் தனியாகவும் எழுதுவார்கள். இவை எல்லாமே மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்துகள்! ஆக, எலும்பு டாக்டர் ஒன்று, மனநல டாக்டர் ஒன்று என்று ஒரே இன மருந்து இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துவிடும். தலைசுற்றல், மயக்கம், சிறுநீர் அடைப்பு, இருதயத் துடிப்பில் கோளாறு என்று வயதானவர்கள் அவதிப்படுவார்கள். இரவில் எழுந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வார்கள். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள பெயரை ஒரு பிள்ளையிடம் படிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, லித்தியம் எடுப்பவர்கள். இவர்கள் வலி மாத்திரையை டாக்டருக்குத் தெரியாமல் ஒன்றுகூடப் போடக் கூடாது. லித்தியம் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வலி மாத்திரை அந்த வழியை நெருக்கிவிடும். லித்தியம் உடம்பில் தேங்கி நஞ்சாகும்.

ஐந்தாவது, பெயரில்லாத பொட்டலப் பொடிகள். "மூன்றே நாளில் இடுப்பு வலி பறந்துவிடும்" என்று விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. உள்ளே இருப்பது தெரியாத மருந்தை எந்த டாக்டராலும் கணக்கில் சேர்க்க முடியாது.

"அப்படியானால் பாராசிட்டமாலாவது போடலாமா?" என்று கேட்பீர்கள். மனச்சோர்வு மாத்திரையோடு அது பொதுவாக மோதுவதில்லை. ஆனால் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போனால் ஈரல் கெடும். மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்கும் குறைவே ஆபத்து. இடுப்பு வலிக்கு அதன் பலனும் சொற்பம் என்று 2014இல் ஆஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. டைக்ளோபினாக் களிம்பைத் தடவினால் மாத்திரையைவிட மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேரும். பலருக்கு அது நல்ல வழி. அதையும் கேட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் வீட்டுக்குப் போய், "நாளையிலிருந்து மன மாத்திரையை நிறுத்திவிடுகிறேன், வலி மாத்திரையை வைத்துக்கொள்கிறேன்" என்று முடிவு செய்தால், என் பேச்சு நன்மைக்குப் பதில் தீமை செய்ததாகும். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். "அந்தப் பாழாப்போன மாத்திரையால வந்த வினை, தூக்கிப் போடு" என்றார் பெரியம்மா. டாக்டர் சம்மதிக்கவில்லை. மனச்சோர்வு திரும்பி வந்தால் அதுவும் உயிரைக் குடிக்கிற நோய்தான் என்று சொன்னார். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு, மின்சாரம் பாய்ந்ததுபோன்ற உணர்வு எல்லாம் வரும். வென்லாபாக்சின், பராக்சிடின், டூலாக்சிடின் போன்றவற்றில் இது அதிகம். குறைக்க வேண்டுமானால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அக்காவுக்கு நின்றது வலி மாத்திரை. தொடர்ந்தது மன மருந்து.

இனி, மாத்திரை இல்லாமல் இந்த வலியோடு எப்படி வாழ்வது?

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனத்தைத் தேற்றும் சிகிச்சை முறைகள், இவற்றுக்கு அதில் முக்கிய இடம் இருக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அது சொல்கிறது. டிரமடால் இனத்து மருந்துகளையும் வேண்டாம் என்கிறது. இடுப்பு வலிக்காக மட்டும் மனச்சோர்வு மருந்துகளை வழக்கமாகக் கொடுக்கவும் அது பரிந்துரைக்கவில்லை. மனச்சோர்வே இருந்து அதற்காக எடுப்பது வேறு சங்கதி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த ஆண்டே, 2024இல், லான்செட் என்ற மருத்துவ இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை ஆஸ்திரேலியாவில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நடைப் பயிற்சியும் இயன்முறை மருத்துவரின் ஆலோசனையும் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுவளவாக 208 நாள் ஆயிற்று. நடக்காதவர்களுக்கு 112 நாள்தான். நடை என்றால் செலவில்லாத மருந்து. வீரமாமுனிவர் கட்டிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை கோவிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறை நடந்து போய்விட்டு மறுநாள் படுத்துக்கொள்கிறோமே, அந்த நடை போதாது. முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு பதினைந்து என்று ஏற்றி, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வரை போகவேண்டும். நடை மனச்சோர்வுக்கும் நல்லது என்பது கூடுதல் இலாபம்.

வேலை இடத்தில் சில சின்ன மாற்றங்கள் செய்யலாம். தரையில் குந்துவதற்குப் பதில் சின்ன முக்காலி, பொம்மை வைக்க உயரமான பலகை. அரைமணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நிமிர்ந்து நிற்பது. மண் சட்டியையும் அச்சையும் தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை வயிற்றோடு அணைத்துத் தூக்குவது. முழுப் பலகையை ஒருவர் சுமக்காமல் பாதிப் பாதியாக இரண்டு நடை. முதலாளிமார்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். இதற்கு உங்கள் தயவு வேண்டும். வலி வந்தால் ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்க வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மெல்ல நடமாடுங்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித்தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

சில வலிகளை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கவே கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலோ, கால் பலவீனப்பட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் இரவில் கூடுகிற வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, காலம் தாழ்த்தாதீர்கள். மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தமோ காப்பித் தூளோ போலக் கண்டாலோ, அந்த மணியே புறப்படுங்கள். அக்காவைப்போல நாலு நாள் பொறுக்காதீர்கள்.

கடைசியாக, என் மனத்தை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். அக்காவை அந்த நிலைக்குக் கொண்டுபோனது இரண்டு மாத்திரை மட்டும்தானா? கேட்காத தம்பி ஒரு காரணம். சொல்ல முடியாத வெட்கம் இன்னொரு காரணம். அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது யார்? நாம்தான். சர்க்கரை மாத்திரையை எல்லார் எதிரிலும் போடுகிறோம். மன மாத்திரையை வெற்றிலைக்குக் கீழே மறைக்க வைக்கிறோம். "செபம் செய்தால் போதாதா, இதற்கு மாத்திரை எதற்கு? விசுவாசம் குறைவு" என்று சொல்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அவர்களுக்கு இரண்டு பேரை நினைவூட்டுகிறேன். எலியா இறைவாக்கினர் மனம் வெறுத்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்டுவிட்டு ஒரு செடியின் கீழ் படுத்துக்கொண்டார். வானதூதர் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, பிறகுதான் பயணத்துக்கு எழுப்பினார். இன்னொருவர் 2025 ஏப்ரலில் நம்மை விட்டுப் பிரிந்த திருத்தந்தை பிரான்சிஸ். அவருக்கும் இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் வலி இருந்தது. அதனால் 2020ஆம் ஆண்டின் கடைசி நாள் வழிபாட்டையும் 2021 புத்தாண்டுத் திருப்பலியையும் அவரால் நடத்த முடியவில்லை. வத்திக்கான் அதை மறைக்காமல் அறிவித்தது. அதே திருத்தந்தை, தம் நாற்பத்திரண்டாம் வயதில், வாரம் ஒரு முறையாக ஆறு மாதம் உளப்பகுப்பாய்வு மருத்துவர் ஒருவரிடம் சென்று வந்ததாக 2017இல் வெளியான ஒரு நேர்காணல் நூலில் தாமே சொன்னார். அந்த மருத்துவர் ஒரு யூதப் பெண்மணி. திருத்தந்தைக்கு இல்லாத வெட்கம் விருத்தாசலத்தில் நமக்கு ஏன்?

ஆகவே அன்பர்களே, நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. வீட்டில் ஒரு துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள். எலும்பு டாக்டர் சீட்டு, மனநல டாக்டர் சீட்டு, சர்க்கரைச் சீட்டு, நாட்டு மருந்துப் பொட்டலம், எல்லாவற்றையும் அந்த ஒரே பையில் போடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் பையோடு போய் மேசைமேல் கொட்டுங்கள். மருந்துக்கடையிலும் காட்டுங்கள். கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். "நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?" இந்த ஒரு கேள்வி போதும். கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்.

மனம் மிகவும் பாரமாக இருந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவசச் சேவை அது. தமிழிலேயே பேசலாம்.

அக்கா இப்போது முக்காலியில் உட்கார்ந்துதான் வண்ணம் அடிக்கிறார். சாயங்காலம் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மணிமுத்தாறு வரை நடக்கிறார். வலி முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். சில நாள் வலிக்கிறது, சில நாள் குறைகிறது. ராத்திரி மாத்திரையை எல்லார் எதிரிலும் போட்டுக்கொள்கிறார். வரன் பார்த்த மகளுக்கும் நல்ல இடத்தில் கலியாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அக்காவே எல்லாவற்றையும் சொன்னார். சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போய், தன் சுருக்குப் பையைக் கொண்டுவந்து அவிழ்த்துக் காட்டினாராம். அதிலும் அதே மாதிரி ஒரு அட்டை இருந்தது.

 பொன்விழாக் காணும் நம் பங்கில் இனி ஒருவரும் மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டிய நிலை வராதபடி நாம் பார்த்துக்கொள்வோமாக.